பத்து நிமிஷம் சும்மா இருந்ததுக்கு

அவன் அயோக்கியன் தம்பி. பேரு தெரியாது, ஊரு தெரியாது, மூஞ்சியைப் பாத்ததில்ல. ஆனா அயோக்கியன். பத்து நிமிஷம் ஒரு மனுஷன் சும்மா இருந்தா, ஆள் இல்லேன்னு முடிவுகட்டி லைனை அறுத்துரணும்னு ஒருத்தன் எங்கேயோ உக்காந்து எழுதி வச்சிருக்கானே, அவனைச் சொல்றேன். உங்க பையில லேப்டாப் இருக்கு, கழுத்துல அட்டை தொங்குது. உங்களுக்கு அவனைத் தெரிஞ்சிருக்கும். இல்லாட்டி அவனைத் தெரிஞ்ச ஒருத்தனையாவது தெரிஞ்சிருக்கும். அதனாலதான் விருதுநகர்ல நீங்க ஏறுனதும் நகந்து இடம் குடுத்தேன். சும்மா குடுக்கிற ஆள் இல்ல நான்.

காலைப் பாத்து வைங்க. கீழே சாக்குல இருக்கிறது இரும்பு. இடிச்சா உங்க விரல்தான் போகும், அதுக்கு ஒண்ணும் ஆகாது.

என் பேரு இருளப்பன். சாத்தூர்ல பழைய இரும்புக் கடை. பன்னெண்டு வயசுல சைக்கிள்ல பேரீச்சம்பழக் கூடையைக் கட்டிக்கிட்டுத் தெருத்தெருவா போனவன். அஞ்சாவது வரைக்கும் வாத்தியார் சொல்லிக்குடுத்தாரு, மிச்சத்தை என்னை ஏமாத்துனவங்க சொல்லிக்குடுத்தாங்க. தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி வச்சவன் ஒரு பாடம். பித்தளைக் குடத்துக்குள்ள சிமெண்டைப் பூசி எடைக்குப் போட்டவன் ஒரு பாடம். எல்லாத்தையும் காய்ச்சி வடிச்சா ஒண்ணே ஒண்ணுதான் மிஞ்சுச்சு. பேரம் பேசுற இடத்துல முதல்ல வாயைத் திறக்கிறவன் தோத்தான்.

சிவகாசிப் பக்கம் ஒரு பழைய ரைஸ்மில் பாய்லர். ஓனர் ஒரு விலை சொன்னாரு. நான் ஒண்ணும் சொல்லல. பாய்லரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். ரெண்டு மணி நேரம். மூணு டீ வந்துச்சு, மூணையும் குடிச்சேன். நாலாவது டீயை அவரே கையில எடுத்துட்டு வந்து, ஏதாவது சொல்லுங்க அண்ணாச்சி, பயமா இருக்குன்னு பாதி விலைக்கு இறங்கிட்டாரு. அப்பவும் பேசலியே. தலையை ஆட்டுனேன், அவ்வளவுதான். எங்க ஆளுங்க மத்தியில இன்னைக்கும் அது பேச்சு.

இப்பேர்ப்பட்டவனைத்தான் அந்தப் பய ஆள் இல்லேன்னு எழுதிட்டான்.

விஷயத்துக்கு வர்றேன். இப்பல்லாம் பெரிய சரக்கு எதுவும் நேர்ல கிடைக்காது, கம்ப்யூட்டர்லதான் ஏலம். மூடிப்போன ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி, நாப்பத்தெட்டு தையல் மெஷின், ஒரே லாட்டு. எனக்கு அந்த லாட்டு வேணும். உண்மையைச் சொன்னா ஒரு மெஷின் போதும். ஆனா ஏலத்துல ஒண்ணு மட்டும் தர மாட்டான்.

ஒண்ணு எதுக்குன்னு கேக்குறீங்க. கேக்கலியா? பரவாயில்ல, சொல்றேன்.

எங்க வீட்டுக்காரி பேரு ஆவுடையம்மா. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். வரும்போது கால் மிதி தையல் மெஷின் ஒண்ணு கொண்டுவந்தா. எனக்கு யாவாரம் படுத்த வருஷம், அவ உள்பாவாடை தைச்சுத்தான் அடுப்பு எரிஞ்சது. இல்லேன்னு சொல்லல. சொன்னா நாக்கு அழுகிரும். ஆனா அதெல்லாம் முடிஞ்ச கதைதானே? ஆறு வருஷமா அதுல ஒரு தையல் ஓடல. வெள்ளிக்கிழமை ஆனா ரெண்டு சொட்டு எண்ணெய் விடுவா, சக்கரத்தைக் கையால ஒரு சுத்து சுத்துவா, பழைய சேலையைப் போட்டு மூடிருவா. ஓடாத மெஷினுக்கு எதுக்குடி எண்ணெய்ன்னு கேட்டா, இருக்கட்டும்பா.

சித்திரையில ஒரு நாள் மதுரைக்கு லோடு. எடை கொஞ்சம் குறையுது, லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டேங்கிறான். அவ ரேஷன் கடைக்குப் போயிருந்தா. வீட்டுக்குள்ள போறேன், மூலையில நிக்குது. சும்மா நிக்கிற இரும்பு. தூக்கி லோடுல போட்டுட்டேன். இதுல என்ன தப்பு? எங்க தொழில்ல சும்மா கிடக்கிறதுக்கு ஒரே பேருதான், பழசு. நான் என்ன அவ தாலியையா எடைக்குப் போட்டேன்?

வந்தா, மூலையைப் பாத்தா. கத்தல. கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பேன், பொழுதடையறதுக்குள்ள தீந்திருக்கும். தரையில மெஷின் காலு நாலும் பதிஞ்ச தடத்தைப் பாத்துக்கிட்டே, "சும்மா கிடந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான். அன்னைக்கே பையை எடுத்துக்கிட்டு மதுரை வில்லாபுரத்துல அவ அக்கா வீட்டுக்குப் போயிட்டா.

போகட்டும்னு விட்டேன். பேரத்துல எதிராளி எந்திரிச்சுப் போறது சகஜம். சட்டையைப் பிடிச்சு இழுக்கப்படாது. பின்னாலயே போனா விலை ஏறிரும்.

அதுவும் சரியாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. நான் கடையில இருப்பேன், பகல் பன்னெண்டுக்கு அவ ஒரு மிஸ்டு கால் குடுப்பா. ஒரே ஒரு ரிங். சோறு ரெடி, வாங்கன்னு அர்த்தம். நான் எடுக்கவும் மாட்டேன், திருப்பிக் கூப்பிடவும் மாட்டேன், சைக்கிளை எடுப்பேன். போன் வந்த நாள்ல இருந்து இதுதான். இப்ப பாருங்க, மதுரைக்குப் போன மறுநாளும் பன்னெண்டுக்கு ஒரு ரிங். அதுக்கு மறுநாளும். மதுரையில இருந்துக்கிட்டு சாத்தூர்க்காரனுக்குச் சோறு ரெடின்னா என்ன அர்த்தம் தம்பி? இறங்கி வர்றா. எதிராளி இறங்க ஆரம்பிச்சா நாம வாயைத் திறக்கப்படாது. நான் திறக்கல. நாப்பது நாள். ஒரு நாள்கூட நான் எடுக்கல. மனசைக் கல்லாக்கிக்கிட்டேன்.

ஆனா வீட்டுச் சோறு இல்லாம வயிறு ஒரு மாதிரி ஆயிருச்சு. சரி, பேரத்தை முடிச்சிருவோம்னுதான் இந்த லாட்டு. ஒரு மெஷினை அந்த மூலையில நிறுத்தி, போட்டோ எடுத்து அவ அக்கா போனுக்கு அனுப்பிட்டா முடிஞ்சது. மன்னிப்புங்கிற பேச்சே வராது. மெஷின் பேசும், நான் பேச வேண்டியதில்ல. கடையில புதுசா ஒண்ணு வாங்கலாமேன்னு நினைக்கிறீங்க. கடையில வாங்குனா மன்னிப்புக்கு வாங்குனதுன்னு தெரிஞ்சு போகும். ஏலத்துல எடுத்த லாட்டுல ஒண்ணு மிஞ்சுச்சுன்னா அது யாவாரம். வித்தியாசம் இருக்கா இல்லையா?

எங்க கடைக்கு அடுத்த கடை பிரிசில்லா பிரவுசிங் சென்டர். நல்ல பொம்பளை, வாய்தான் கொஞ்சம் நீளம். அதுதான் எனக்கு ஏலத்துல பேரு பதிஞ்சு குடுத்துச்சு. பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் ஏலம். போய் முன்னால உக்காந்தேன். பிரிசில்லாகிட்ட சொல்லிட்டேன், அந்த மவுஸை யாரும் தொடப்படாது. ஏன்னா தொட்டா நம்ம ஆசை அந்தப் பக்கம் தெரிஞ்சிரும். கோவில்பட்டி ஞானதுரையும் அதே ஏலத்துல இருக்கான். அவன் என் கண்ணு சிமிட்டுறதை வச்சே விலையை ஏத்துறவன். அது அப்படியெல்லாம் தெரியாது அண்ணாச்சின்னு பிரிசில்லா சிரிச்சுச்சு. உனக்கு ஞானதுரையைத் தெரியாதும்மான்னேன்.

கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன் தம்பி. கோயில் சிலை தோத்துரும். கண்ணு மட்டும் விலை மேல. பதினொண்ணு அம்பத்தெட்டு. இப்ப அமுக்கும்மான்னேன். அமுக்குச்சு. திரையில விலையைக் காணோம். நீண்ட நேரம் செயல்பாடு இல்லாததால் வெளியேற்றப்பட்டீர்கள்னு எழுதி வருது. செயல்பாடு இல்லையாம். எனக்கு. நான் வாழ்க்கையில அவ்வளவு மும்முரமா வேலை செஞ்சதே இல்ல தம்பி, அந்த ஒரு மணி நேரம் செஞ்ச மாதிரி.

திரும்ப உள்ள போகணும்னா போனுக்கு ஓடிபி வரும்னு சொல்லுச்சு. போனை எடுத்தா மணி பன்னெண்டு, ஆவுடை மிஸ்டு கால். நேரங்காலம் தெரியாம அடிக்கிறாளேன்னு அதைத் தள்ளிவிட்டுட்டுத் தேடுறேன், ஓடிபி பன்னெண்டு ஒண்ணுக்கு வருது. ஏலம் முடிஞ்சிருச்சு. கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் எடுத்துட்டான்.

நான் அந்த சென்டர்ல போட்ட சத்தத்துக்கு, ஆதார் திருத்த வந்த நாலு பேரு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. பிரிசில்லா ஆற அமர சொல்லுச்சு. இந்த மாதிரி லைன்ல பத்து நிமிஷம் ஒண்ணும் போகலேன்னா, ஆள் எந்திரிச்சுப் போயிட்டான்னு நினைச்சு அறுத்துருமாம். அறுக்காம இருக்கணும்னா அப்பப்ப சின்னதா ஒரு அசைவு குடுத்துக்கிட்டே இருக்கணுமாம், இருக்கேன் இருக்கேன்னு. எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். எங்க இருக்கன்குடி மாரியம்மனுக்கே வருஷத்துக்கு ஒரு தடவை போய் நின்னாப் போதும். நடுவுல ஏன் வரலேன்னு அவ கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்துனதில்ல. இவனுக்கு மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி ஆட்டி, சாமி இருக்கேன் சாமின்னு சொல்லணுமா? மாட்டேன்னுட்டேன்.

ஆனா அதிர்ஷ்டம் பாருங்க, கோயம்புத்தூர்க்காரன் சரக்கை எடுக்கல. பதினஞ்சு நாள் கழிச்சு மறுபடியும் அதே லாட்டு ஏலத்துக்கு வந்துச்சு. இந்தத் தடவை நான் பிரிசில்லாகிட்ட போகல. பழசா வந்த லேப்டாப் ஒண்ணு கடையில உயிரோட கிடந்துச்சு. என் போன்ல இருந்து நெட்டைக் குடுத்தேன். அசைவுதானே வேணும் உனக்கு? மேஜை விசிறியை எடுத்தேன். அது இடதும் வலதுமா தலையை ஆட்டும்ல. அந்தத் தலையில ஒரு சணல் கயிறு, கயித்து நுனியில மவுஸ். விசிறி அந்தப் பக்கம் போனா மவுஸும் போகும், இந்தப் பக்கம் வந்தா இதுவும் வரும். நான் பாட்டுக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். எனக்குக் காத்துக்குக் காத்தும் ஆச்சு. சிரிங்க, சிரிங்க. அன்னைக்கு நானும் சிரிச்சேன்.

திரை அணையவே இல்ல. பளபளன்னு எரியுது. விலையைப் பாக்குறேன், பதினொண்ணு இருபதுக்கு என்ன விலையோ அதே விலை பதினொண்ணே முக்காலுக்கும். ஒருத்தனும் ஏத்தல. இருளப்பன் உள்ள உக்காந்திருக்கான்னு தெரிஞ்சு எல்லாவனும் வாயை மூடிட்டான்னு நினைச்சேன். ஞானதுரை வேர்த்து ஒழுகிக்கிட்டு இருப்பான்னு நினைச்சு டீ சொன்னேன். அம்பத்தெட்டுக்கு விசிறியை நிப்பாட்டிட்டு, கயித்தை அவுத்து, ஒரே அமுக்கு.

வெளியேற்றப்பட்டீர்கள்.

மெஷினெல்லாம் ஞானதுரைக்குப் போயிருச்சு. நான் பாத்துக்கிட்டு இருந்த விலை முக்கா மணி நேரத்துக்கு முந்தி செத்த விலை.

இன்னொண்ணு. அன்னைக்குப் பன்னெண்டுக்கு மிஸ்டு கால் வரல. போன்தான் நெட்டு குடுத்துக்கிட்டு இருந்துச்சே, அதனால ரிங் உள்ள வந்திருக்காதுன்னு விட்டுட்டேன். அப்படித்தானே? நீங்க படிச்சவரு, சொல்லுங்க. இல்லையா? நெட்டு ஓடுனாலும் ரிங் வருமா? அப்ப வேற ஏதோ கோளாறு.

பிரிசில்லாகிட்ட போய்ச் சண்டை போட்டேன். அசைவு போதும்னியே, விசிறி வச்சு ஆட்டுனேனேன்னேன். முதல்ல அஞ்சு நிமிஷம் சிரிச்சுச்சு. சேர்ல இருந்து விழுந்துரும்னு பாத்தேன். அப்புறம் டீ வாங்கி வச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்லுச்சு.

"மவுஸ் உங்க மேஜையில ஆடி என்ன பண்ண அண்ணாச்சி? உங்க விளக்கு எரியும், அவ்வளவுதான். நீங்க இருக்கீங்கன்னு அந்தப் பக்கத்துக்குத் தெரியணும்ல. இங்க இருந்து சின்னதா ஒண்ணு போகணும், போனதுக்கு அங்க இருந்து சின்னதா ஒண்ணு திரும்பி வரணும். ரெண்டும் நடந்தாத்தான் லைனுக்கு உயிரு இருக்குன்னு அர்த்தம்."

திரும்பி வரலேன்னான்னு கேட்டேன்.

"கொஞ்ச தடவை அனுப்பிப் பாக்கும். பதிலே வரலேன்னா, அந்தப் பக்கம் ஆள் இல்லேன்னு முடிச்சுக்கிரும்."

எத்தனை தடவைன்னு கேட்டேன். அது அனுப்புறதோட பொறுமையைப் பொறுத்ததுன்னு சொல்லுச்சு. டீயைக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன். ஏன்னு தெரியல, நெஞ்சுல ஒரு எரிச்சல். கேஸா இருக்கும். ஓட்டல் சாப்பாடு தம்பி, எண்ணெயை மாத்தவே மாட்டேங்கிறான்.

மறுநாளும் பன்னெண்டு அடிச்சுச்சு, போன் அடிக்கல. அதுக்கு மறுநாளும் இல்ல. இன்னையோட பதினோரு நாள். பன்னெண்டு ஆனா போனை எடுத்து மேஜை மேல வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். சரக்கு எடுத்துட்டு வந்தவன் எடை போடுங்கங்கிறான், இருடாங்கிறேன். பன்னெண்டரைக்குப் பசியே போயிருது.

நேத்து நானே ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாத்தேன். பேசுறதுக்கில்ல, பேரத்தை உடைக்கிற ஆள் நான் இல்ல. ஒரே ஒரு ரிங் போனதும் கட் பண்ணிரலாம்னுதான். அந்த ஒரு ரிங் போகல. நீங்கள் அழைக்கும் நபரைத் தொடர்புகொள்ள முடியவில்லைன்னு ஒரு பொம்பளை சொல்லுது. ஒன்பது தடவை போட்டேன், ஒன்பது தடவையும் அதே பொம்பளை. டவர் கோளாறு.

ஏன் தம்பி அப்படிப் பாக்குறீங்க? டவர்தான்.

இன்னைக்குக் காலையில எந்திரிச்சு நேரா கோவில்பட்டிக்குப் போனேன். ஞானதுரை குடோன்ல நாப்பத்தெட்டு மெஷினும் வரிசையா நிக்குது. வாங்க அண்ணாச்சி, விசிறியைக் கூட்டிட்டு வரலியான்னான். அந்த பிரிசில்லா ஊரெல்லாம் சொல்லிருச்சு. ஒண்ணு குடுய்யான்னேன். ஒரு விலை சொன்னான். கொள்ளை விலை. எனக்கு வயசு அம்பத்தி மூணு தம்பி, சொன்ன விலைக்கு நான் ஒரு ஆணிகூட வாங்கினதில்ல. குடுத்துட்டேன். அப்படியே எண்ணாம எடுத்துக் குடுத்தேன். ஞானதுரை பயந்துட்டான். உடம்புக்கு ஏதாவதான்னு கேட்டு, தண்ணி குடுத்து, சாக்குல கட்டி பஸ் வரைக்கும் அவனே தூக்கிட்டு வந்தான்.

கரண்ட்ல ஓடுற மெஷினோட தலையாம் இது. இதுக்குத் தனி மேஜை வேணும், மோட்டார் வேணுங்கிறான். அவ காலால மிதிச்சுத் தைக்கிறவ. அதனால என்ன? ஊசி மேலயும் கீழயும் போனாப் போதாதா? எடை பழசை விட ரெண்டு கிலோ கூடவே இருக்கும்.

சாத்தூர் வந்தப்ப கண்டக்டர் தெரிஞ்ச பையன், இறங்கலியா அண்ணாச்சின்னான். மதுரையில ஒரு லோடு விஷயமா போறேன்னுட்டேன். பொய் இல்ல, இதுவும் லோடுதான்.

உங்க போன் எந்தக் கம்பெனி? என் போன்ல போகாதது உங்க போன்ல போகலாம்ல? நம்பரைச் சொல்றேன், ஒரே ஒரு ரிங். இல்ல, வேணாம். வைங்க. போயிருச்சுன்னா? அவ எடுத்து யாருன்னு கேட்டுட்டா என்ன சொல்றது? பேருன்னு ஒண்ணைச் சொல்லணும், அப்புறம் அடுத்ததா ஏதாவது சொல்லணும். உள்ள வைங்க, சார்ஜ் போகப் போகுது.

திருமங்கலம் தாண்டிருச்சு. நீங்க எங்க இறங்குறீங்க? கூட வர வேணாம், இறக்கி மட்டும் விடுங்க. இங்க பிடிங்க, சாக்கு முடிச்சைப் பிடிக்காதீங்க, அவுந்துரும். நான் சொன்னதை மறந்துராதீங்க. அந்தப் பய எந்த ஆபீஸ்ல, எந்த ஏசியில உக்காந்திருந்தாலும் சரி, நான் சொன்னேன்னு சொல்லுங்க. சும்மா இருக்குன்னா செத்துப் போச்சுன்னு அர்த்தமில்ல. தூக்கி வீசுறதுக்கு முன்னால இருக்கியான்னு ஒரு வார்த்தை கேக்க வாய் வலிக்குதா? இருக்கேன்னு ஒருத்தர் நாப்பது நாள் சொல்லிப் பாத்தா, ம்ம்னு ஒரு சத்தம் குடுக்கத் தெரியாதா? அவன் வரணும் தம்பி. சும்மா கிடக்குன்னு நினைச்சு அறுத்தவன் எவனோ, அவனே நேர்ல வந்து வாசல்ல நின்னு, தப்பு என்னோடதுதான்னு வாயைத் திறந்து சொல்லி, சரி பண்ணணும். வேற ஆளை அனுப்பப்படாது. அவனே வரணும்.